இடது கைப் போணி

வேலை இல்லாதவருக்கு வேலை வாங்கிக் கொடுப்பது என் தொழில். அதற்காகவே இரண்டு வருடம் படித்துப் பட்டம் வாங்கினேன். ஆனால் சம்பளம் கொடுத்துச் சும்மா உட்கார வைக்கப்பட்ட ஒருவரை மறுபடியும் வேலைக்கு அனுப்புவது எப்படி என்று எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை. அதைத் திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்ற கடைத்தெருவில், ஒரு பூஜை சாமான் கடையில்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கூட இருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்து இதே சாலையில் மூட்டை சுமப்பவர். அம்மா ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார். நான் சமூகப் பணியில் முதுகலை. கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை தொங்கும். பஸ்ஸிலும் கழற்ற மாட்டேன்; ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும்போதும் கழற்ற மறந்துபோவேன். அட்டையில் ‘ஜாப் கோச்’ என்று இருக்கும். இந்த ஊரில் தெருவுக்கு நாலு கோச்சிங் சென்டர் உண்டு. அதனால் அட்டையைப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “கிளார்க் பரீட்சைக்கா, கான்ஸ்டபிள் பரீட்சைக்கா?”

இரண்டுக்கும் இல்லை. உடலிலோ அறிவு வளர்ச்சியிலோ பெரிய குறைபாடு உள்ளவர்களுக்கு வேலை தேடித் தந்து, அந்த வேலையில் அவர்கள் நிலைக்கும்வரை கூட நிற்பதுதான் என் பணி. பொதுவாக அவர்களுக்குக் கிடைப்பது பயிற்சி மட்டும். மெழுகுவர்த்தி, காகித உறை, கால்மிதி. ஒன்று முடிந்தால் அடுத்தது. வேலைக்குத் தயாராகித் தயாராகியே தலை நரைத்துவிடும். செய்த மெழுகுவர்த்தியைக் கண்காட்சிக்கு வரும் மந்திரி ஒன்று வாங்குவார். மீதி உருகும் பருவம்வரை அலமாரியில் இருக்கும். எங்கள் நிறுவனத்தின் வழி இதற்குத் தலைகீழ். முதலில் உண்மையான கடையில் உண்மையான வேலை. பயிற்சி அங்கேயே. வேலையை நான் முதலில் கற்க வேண்டும், சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்க வேண்டும், அவருக்குத் தோதாகக் கருவியையும் மேஜையையும் மாற்ற வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலக வேண்டும். விலகுவதைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு நன்றாக வரும்.

நான் சொல்ல வந்த அக்கா ஸ்ரீவராகத்தில் ஒரு அக்ரஹாரத் தெருவில் தாயோடு இருப்பவர். முப்பத்தைந்து வயது. பிறவியிலேயே வலது கை மடங்கி, மூடிய முஷ்டியோடு நெஞ்சோடு ஒட்டியிருக்கும். வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். எண்ணத் தெரியாது. பேச்சு உண்டு, ஆனால் ஒவ்வொரு சொல்லும் மெதுவாக, எடை பார்த்து வரும். தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னும் ‘கொழந்தை’. மெழுகுவர்த்திச் சான்றிதழ் மட்டும் மூன்று வைத்திருந்தார்.

முதல் நாள் அந்த வீட்டுக்குப் போனபோது அவருடைய அம்மா எனக்குக் காகிதக் கோப்பையில் காப்பி கொடுத்தார். வீடு முழுக்க எவர்சில்வர் பளபளத்தது. “இப்போல்லாம் வியாதி பயமோல்லியோ, அதாக்கும்” என்றார். நானும் வியாதிக்குப் பயப்படுகிறவள் போலத் தலையாட்டினேன். காப்பி நன்றாகவே இருந்தது.

“மாமி, அக்காவுக்கு வேலைக்குப் போக இஷ்டமா?”

“அவளுக்கு என்ன தெரியும் கொழந்தே. எனக்கு எழுபது ஆயாச்சு. நான் கண்ண மூடினா அவ என்ன பண்ணுவா? அதுதான் எனக்குக் கவலை.”

“வேலை” என்றார் உள்ளே இருந்து அக்கா. “வேணும்.”

மாமி திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் யாரும் கேட்காமலே அக்கா பதில் சொன்னது அன்றுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார். பிறகுதான் சொன்னார்; அப்போது சொன்னதெல்லாம், “பெரிய மனுஷி, பேச வந்துட்டா.”

சாலையில் அந்தப் பூஜை சாமான் கடை முதலாளியை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்பா அவருக்கு மூட்டை இறக்குவார். கடைத்தெரு முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். சூடம், சாம்பிராணி, திரி, குங்குமம் எல்லாம் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்பவர். சின்னச் சூடப் பாக்கெட்டுகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுப் பெட்டியில் அடுக்க அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் அட்டையைச் சரிசெய்துகொண்டு போய் நின்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றில்தான் நின்றார்.

“எடது கையா?”

“ஆமா அண்ணாச்சி. வலது கை வராது.”

“பிள்ள, இது சாமிக்குப் போற சாமான் கேட்டியா. எடது கையால எடுத்து வெச்ச சூடத்த எவன் வாங்குவான்? உங்க வீட்டுல எடது கையால திருநீறு எடுப்பியா நீ?”

சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொன்னேன். பிரிவு எண்கூடச் சொன்னேன்.

“சட்டம் கடைக்கு வந்து சூடம் வாங்குமா?”

வேறு வழியில்லாமல், “ரெண்டு மாசத்துக்கு நானும் தினம் கூடவே வந்து நிப்பேன் அண்ணாச்சி. வேலையும் செய்வேன். எனக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம்” என்றேன்.

அண்ணாச்சியின் மனம் அந்த இடத்தில்தான் இளகியது. சட்டத்தின் எந்தப் பிரிவும் செய்யாததை, ஓசியில் இன்னொரு ஆள் கிடைப்பது செய்தது. “சரி. பின்னால ஸ்டோர்ல இருக்கட்டும். முன்னால வரப்பிடாது. யாரு கண்ணுலயும் படப்பிடாது” என்றார்.

பின்னால் ஸ்டோரில் ஏற்கனவே ஒரு சேச்சி வேலை செய்துகொண்டிருந்தார். பதினைந்து வருடமாகத் தமிழ்க் கடையில் இருக்கும் மலையாளி. அவருடைய தமிழில் எது தமிழ், எது மலையாளம் என்று அவருக்கே தெரியாது. நான் முதல் நாள் சூடம் கட்டப் பழகியதைப் பார்த்துவிட்டு, “மோளே, இதுக்கா எம்ஏ படிச்சது? என்கிட்ட வந்திருந்தா அரை மணிக்கூறுல படிப்பிச்சிருப்பேனே” என்றார்.

அக்காவுக்கு ஒரு பலகை செய்ய வைத்தேன். இதில் எனக்கு இன்றும் பெருமைதான், மறைக்க மாட்டேன். பத்துக் குழி உள்ள மரப்பலகை. இரண்டு பக்கமும் உருவக்கூடிய முளைகள். ரப்பர் பேண்டை முதலிலேயே முளைகளில் இழுத்து மாட்டிவிட வேண்டும். ஒரு குழிக்கு ஒரு பாக்கெட். பத்தும் நிறைந்ததும் முளைகளை உருவினால், பேண்டு கட்டைச் சுற்றித் தானே இறுகும். எண்ணத் தெரிய வேண்டாம். ஒரு கை போதும்.

ஆனால் அக்கா ஆறு ஏழு குழி நிறைந்ததுமே உருவிவிடுவார். அரைக் கட்டுகளாக வந்து விழும். மூன்று வாரம் பக்கத்திலேயே நின்று ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: “நெறையணும் அக்கா. நெறையாம எடுக்கக் கூடாது. ஒண்ணுகூட எடுக்கக் கூடாது.” சேச்சி தூக்கத்தில் இதைச் சொல்கிறாராம், அவர் வீட்டுக்காரர் புகார் செய்தாராம். நாலாவது வாரம் நான் பலகையிலிருந்து வேண்டுமென்றே ஒரு பாக்கெட்டை எடுக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். “நெறையல்ல” என்றார். அன்று என் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: தேர்ச்சி.

இரண்டாம் மாதம் அக்கா ஒரு நாளைக்குச் சேச்சி கட்டுவதில் பாதி கட்டினார். காலையில் வந்ததும் பையை ஆணியில் மாட்டி, பலகையைத் துடைத்து, உட்கார்ந்துவிடுவார். நான் பேச்சுக் கொடுத்தால், “வேலை” என்பார். வாயை மூடு என்று அர்த்தம். நானும் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் போகத் தொடங்கினேன்.

அப்போதுதான் அந்தப் போணி நடந்தது.

சாலையில் காலையின் முதல் வியாபாரம் என்பது சாதாரண விஷயம் இல்லை. முதலில் யார் கையிலிருந்து சாமான் போகிறதோ, அதை வைத்துத்தான் அன்றைய நாள். அண்ணாச்சி கடையிலும் கியூஆர் அட்டை உண்டு. பணம் வந்தால் பெண் குரலில் அறிவிக்கும் பெட்டியும் உண்டு. ஆனால் போணி முடியும்வரை அந்த அட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். முதல் சாமான் வலது கையால் போக வேண்டும், முதல் பணம் நோட்டாக வலது கையில் வர வேண்டும். பெட்டி பேசுவது அதற்குப் பிறகுதான்.

கார்த்திகை பாதி தாண்டிய சமயம். அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போயிருந்தார். சேச்சிதான் கடையைத் திறந்தார். அவர் முன்னால் கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் வந்து சூடம் கேட்டிருக்கிறார். கட்டி முடித்த ஒரு கட்டைப் பெட்டியில் வைக்க வந்த அக்கா, ஆள் கை நீட்டியதைப் பார்த்து, நேராக அவரிடமே கொடுத்துவிட்டார். இடது கையால். சேச்சி துடைப்பத்தோடு ஓடி வருவதற்குள் போணி ஆகிவிட்டது.

அண்ணாச்சி வந்ததும் விஷயம் தெரிந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். “முடிஞ்சுது. இன்னைக்கு ஈ ஓட்ட வேண்டியதுதான்.” எனக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து அந்தப் பிள்ளை வர வேண்டாம் என்றார். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது கடை முன்னால் ஒரு டெம்போ நின்றது. காலையில் சூடம் வாங்கியவர் ஒரு கோயில் கமிட்டிக்காரராம். சாமான் பிடித்துப்போய், உற்சவத்துக்கு வேண்டிய மொத்தத்தையும் இங்கேயே எடுக்க வந்துவிட்டார். அண்ணாச்சி வியர்வையோடு சாம்பிராணிப் பெட்டிகளை அதில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பெட்டியைத் தூக்கினார். டெம்போ போன பிறகு யாரோ ஒரு ஜோசியரைப் போனில் கூப்பிட்டார். ரொம்ப நேரம் ‘ஆமா, ஆமா’ என்றார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சில ஜாதகத்துக்கு எடது கைதான் வலது கையாம் பிள்ள.”

மறுநாள் அக்கா கடை முகப்பில் இருந்தார். சாமி படங்களுக்குக் கீழே மெத்தை வைத்த ஒரு ஸ்டூல். முதல் ஆளுக்கு முதல் பாக்கெட்டை இடது கையால் எடுத்துக் கொடுப்பார். பிறகு சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ராசி நடுவில் எழுந்து பின்னால் போகக் கூடாது.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று சொன்ன அதே ஆள் நடுக்கடையில் உட்கார வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். என் மேலதிகாரி மேடம் அதைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினார். அடியில் ‘பொது இடத்தில் சமமான இருப்பு’ என்று எழுதியிருந்தது. படத்தில் அக்கா காமிராவைப் பார்க்கவில்லை. பின்னால் ஸ்டோர் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் அன்று கவனிக்கவில்லை.

செய்தி கடைத்தெருவில் பரவியது. பாத்திரக் கடைக்காரர் தன் புதுக் கல்லாப்பெட்டியைக் கொண்டுவந்து அக்காவைத் தொடச் சொன்னார். ஒரு அம்மா தன் மகளுடைய பரீட்சை ஹால் டிக்கெட்டை அக்கா மடியில் வைத்து எடுத்தார். அது கிளார்க் பரீட்சைக்கு. என் அட்டையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் அந்த இடது கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அக்கா ஒவ்வொரு நாளும் வந்ததும் நேராகப் பின்னால் போவார். அண்ணாச்சி, “அம்மா, இங்கன வா தாயி” என்று கும்பிடாத குறையாகக் கூட்டிவந்து உட்கார்த்துவார். ஸ்டூலில் அக்காவின் இடது கை விரல்கள் மட்டும் தொடையில் ஒரு குழி, அடுத்த குழி என்று நகர்ந்துகொண்டே இருக்கும்.

நான் அண்ணாச்சியிடம் பேசினேன். “அவங்க வேலை செய்ய வந்தவங்க அண்ணாச்சி.”

“அதத்தான செய்யுதா. போணி பண்ணுதா. அதவிடப் பெரிய வேலை இந்தக் கடையில என்ன இருக்கு? சம்பளத்துல ஏதும் கொறை வெச்சனா?”

வைக்கவில்லை. மேடமும் அதையேதான் கேட்டார்: சம்பளம் வருகிறது, முதலாளிக்குத் திருப்தி, பிறகு என்ன பிரச்சினை? எங்கள் படிவத்தில் அந்த இரண்டுக்கும்தான் கட்டம் இருந்தது. இரண்டிலும் டிக் போட்டேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். ஐம்பது கிலோ மூட்டை சுமந்த தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தவே இல்லை.

“ஏட்டி, சும்மா இருக்கவளுக்கு ஒருத்தன் சம்பளம் குடுக்கான். நீ போயி, இல்ல, அவள வேலை வாங்குன்னு சண்டை போடுதே. இதுக்கா ஒன்னப் படிக்க வெச்சேன்?”

“அவங்களுக்கு வேலை பிடிக்கும்ப்பா.”

“எனக்கும் ஒரு ஸ்டூல் கெடைக்குமான்னு அண்ணாச்சிட்டக் கேளு. எனக்கு ரெண்டு கையும் ராசிதான்.”

மாமி ஒருநாள் கடைப் பக்கம் வந்தார். கோயிலுக்குப் போகிற வழியில் பெண் எப்படி வேலை செய்கிறாள் என்று பார்க்கலாம் என்று வந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் அக்காவின் மடியில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுக் கையைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார். அக்கா அந்த நாணயத்தை எடுத்து, என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார்.

மாமி படியேறி வந்தார். நாணயத்தை அக்கா கையிலிருந்து வாங்கிக் கடைப்படியில் வைத்தார். என்னைத் தனியே கூப்பிட்டார். குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“என் பொண்ணு கோவில் வாசல்ல ஒக்காரலைன்னுதான் ஒரு நிம்மதி இருந்தது கொழந்தே. கடை வாசல்ல ஒக்கார வெச்சுட்டாய்.”

“மாமி, நான் பேசி...”

“தை பொறக்கட்டும். அதுக்குள்ள அவ பழையபடி வேலை பண்ணிண்டிருந்தா சரி. இல்லேன்னா ஆத்துலயே இருக்கட்டும். இனிமே எங்கயும் அனுப்ப மாட்டேன். எந்தப் பயிற்சியும் வேண்டாம்.”

தை பிறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. மாமி சொன்னதைச் செய்கிறவர். அக்காவுக்கு மறுபடி ஒரு கடை தேடுவது முடியாத காரியம். வீட்டைவிட்டே அனுப்ப மாட்டேன் என்ற பிறகு கடை கிடைத்து என்ன?

அந்தப் பன்னிரண்டு நாளில் நான் செய்தவற்றை வரிசையாகச் சொன்னால் என் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அண்ணாச்சிக்குத் தமிழில் எட்டுப் பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் குங்குமம் மடித்தார். வேறொரு ஜோசியரைக் கூட்டிவரலாமா என்றுகூட யோசித்தேன். சேச்சிதான், “அவரு வந்து ராசி இனியும் கூடும்னு சொன்னா?” என்று தடுத்தார்.

கடைசியில் நான் செய்த ஒரே காரியம் ரொம்பச் சின்னது. அக்காவின் விரல்கள் தொடையில் நகர்வதைப் பார்க்கப் பொறுக்காமல், பின்னாலிருந்து பலகையை எடுத்துவந்து ஸ்டூல் பக்கத்தில் ஒரு முக்காலிமேல் வைத்தேன். பக்கத்தில் ஒரு பெட்டி சூடம். அண்ணாச்சி மறுப்பார் என்று நினைத்தேன். “இருக்கட்டும், பொழுது போவும்” என்றார். அக்கா பலகையைத் துடைத்தார். எல்லாக் குழியையும் ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தார்.

மறுநாள் காலை அக்கா வந்ததும் பலகையில் அடுக்கத் தொடங்கிவிட்டார். நாலு குழி நிறைந்திருக்கும். முதல் ஆள் வந்தார்.

“ஒரு சூடம்.”

அண்ணாச்சி பணிவாக, “தாயி, ஒண்ணு எடுத்துக் குடு” என்றார்.

“நெறையல்ல” என்றார் அக்கா.

“ஒண்ணுதான் தாயி.”

“நெறையணும்.”

அண்ணாச்சி பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து அக்கா கையில் வைத்தார். அக்கா அதை வாங்கி அடுத்த குழியில் வைத்தார். வந்தவருக்குச் சிரிப்பு. பத்தும் நிறையும்வரை நின்று, கட்டாகவே வாங்கிக்கொண்டு போனார். அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியா! ஒண்ணு கேட்டவன் பத்து வாங்கிட்டுப் போறான். இதுதான் ராசி.”

நான் சுவரைப் பார்த்து நின்றேன். மூன்று வாரம் நான் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

இரண்டாம் நாள் ஒரு காலேஜ் பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கட்டு வேண்டாம் என்று போனாள். அடுத்து வந்தவர் பத்து வாங்கினார். அண்ணாச்சி இவரைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணை விட்டுவிட்டார். மூன்றாம் நாள் வந்தவர், கடை தொடங்கிய காலத்திலிருந்து வாடிக்கையான ஒரு கோயில் பூசாரி. நடை திறக்கும் அவசரம்.

“அண்ணாச்சி, ஒரே ஒரு சூடம். சீக்கிரம்.”

பலகையில் இரண்டே இரண்டு பாக்கெட்தான் இருந்தது.

“தாயி...” என்றார் அண்ணாச்சி.

“நெறையல்ல.”

“சாமிக்கும்மா. நடை தொறக்கணும்.”

“நெறையணும்.”

“அண்ணாச்சி, நீங்களே எடுத்துக் குடுங்களேன்” என்றார் பூசாரி.

அண்ணாச்சியால் முடியாது. போணி அந்தக் கையால்தான் ஆக வேண்டும் என்று ஊருக்கே சொன்னவர் அவர். கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பூசாரி இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு நேராக எதிர்க்கடைக்குப் போனார். அங்கே இன்னும் போணி ஆகவில்லை. எதிர்க்கடைக்காரர் சூடத்தை வலது கையால் கொடுத்து, நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எங்கள் பக்கம் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: “என்ன அண்ணாச்சி, ராசி இங்கிட்டு வந்துட்டுதோ?”

கடைத்தெருவே சிரித்தது. அக்கா மூன்றாவது பாக்கெட்டைக் குழியில் வைத்தார்.

அண்ணாச்சி மறுபடி ஜோசியருக்குப் போன் போட்டார். இந்தத் தடவை ‘ஆமா’க்கள் குறைவு. வைத்துவிட்டு, விரலை மடக்கி நாள் எண்ணிப் பார்த்தார். பிறகு என்னைக் கடைக்கு வெளியே கூட்டிப் போய், சாவு வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

“இந்த மாதிரி ராசியெல்லாம் ஒரு மண்டலந்தானாம் பிள்ள. நாப்பத்தியோரு நாளு. நேத்தோட முடிஞ்சுபோச்சு. அந்தப் பிள்ளட்ட நீயே பக்குவமா சொல்லிரு. மனசு விட்டுராம. பின்னால போயி பழைய வேலையப் பாக்கட்டும். என்ன செய்ய, அவளுக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்.”

நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாட்டை வாழ்க்கையில் வேறு எதற்கும் பட்டதில்லை. நேர்முகத் தேர்வுகளில்கூட.

அக்காவிடம் போனேன். “அக்கா, பின்னாடி போலாமா? வேலைக்கு?”

பலகையைப் பார்த்தார். ஏழு குழி நிறைந்திருந்தது. “இரு” என்றார். மீதி மூன்றையும் வைத்து, முளைகளை உருவி, கட்டைப் பெட்டியில் போட்டபின்தான் எழுந்தார். பலகையை நான் தூக்கப் போனேன், தரவில்லை. இடுப்பில் இடுக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, சாமி படங்களையும் மெத்தை ஸ்டூலையும் தாண்டிப் பின்னால் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

மாமிக்குப் போன் செய்து, ராசி போய்விட்டதாம் என்றேன்.

“போயிடுத்தா? பகவானே, நன்னாயிருப்பாய் நீ” என்றார். என்னைச் சொன்னாரா பகவானைச் சொன்னாரா தெரியவில்லை. தை பிறக்க இரண்டு நாள் இருந்தது.

அடுத்த வாரம் நான் போனபோது அண்ணாச்சி ஸ்டோர் வாசலில் ஒரு கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரப்பர் பேண்டு ஒரு பக்கம் கழன்று, பாக்கெட்டுகள் நழுவிக்கொண்டிருந்தன. முகம் சிவந்திருந்தது.

“யாரு கெட்டுனது இத? பார்ட்டி கடைல வெச்சு எம் மூஞ்சில எறியுதான்!”

சேச்சி தலையைக் குனிந்துகொண்டார். அக்கா இடது கையை உயர்த்தினார்.

“நான்.”

“கண்ணு எங்கன இருந்துது? நைஞ்ச பேண்டப் போட்டா நிக்குமா? சம்பளம் வாங்குதேல்லா? ஒழுங்கா கெட்டு!”

நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். அக்கா போன்றவர்களிடம் ஒரு தவறை எப்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. வாயைத் திறப்பதற்குள் சேச்சி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்.

“மிண்டாதே மோளே, வாயத் திறக்காதே” என்று காதோரம் சொன்னார். “பதினஞ்சு வருஷமா என்னைத் திட்டுறாரு. இவளை இன்னைக்குத்தான் முதல்ல திட்டுறாரு. நீ குறுக்க வராதே.”

அக்கா அண்ணாச்சி கையிலிருந்து கட்டை வாங்கினார். பழைய பேண்டை உருவி எறிந்தார். டப்பாவில் விரலை விட்டுத் துழாவி, ஒரு பேண்டை எடுத்துப் பல்லில் கடித்து இழுத்துப் பார்த்தார், பிடிக்கவில்லை, போட்டுவிட்டார். இன்னொன்றை இழுத்துப் பார்த்து முளைகளில் மாட்டினார்.

“சரி” என்றார் அண்ணாச்சியிடம். பிறகு, வழியை மறித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, “நகரு.”